ஓரெழுத்து

ரீகாவில் நாடாளுமன்றம். பேச்சு மேடைக்குக் கீழே என் மேசை.
பதினேழு வருடமாகப் பிறர் வாயை எழுதிப் பிழைக்கிறேன்.
எனக்குக் கட்சி கிடையாது,
காது உண்டு.

நவம்பர். பட்ஜெட்டின் இரண்டாம் வாசிப்பு.
மழையா பனியா என்று முடிவெடுக்காத வானம்.
அமைச்சர் ப்ரியெடே தொகைகளைப் படித்தார்:
எல்லையில் கான்கிரீட் கூம்புகள் இத்தனை ஆயிரம்,
அகழி இத்தனை கிலோமீட்டர்,
பீரங்கி, ட்ரோன், ரேடார்.
"சுவர் இருந்தால்தானே சித்திரம்"
என்று முடித்துத் தண்ணீர் குடித்தார்.
கைதட்டல்.
அதையும் எழுதுவேன், அடைப்புக்குறிக்குள்.

எதிர்வரிசையிலிருந்து எழுந்தாள் வெல்டா ஸ்ட்ராஸ்டின்யா.
லாட்காலேக்காரி, முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
தலைநகரம் வந்தும் கழுவிப்போகாத உச்சரிப்பு.
அவள் பேசினால் என் பேனா இடறும்.

"சுவர் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.
என் முட்டைக்கோஸ் பாத்தியில் நின்றால்
அந்தப் பக்கத்துக் காவல் கோபுரம் தெரியும்.
இரவில் அதன் விளக்கு
எங்கள் அடுப்படிச் சுவரில் வந்து வந்து போகும்.
எனக்கா பாடம், அமைச்சரே?
என் மகன் போன மாதம்தான் தலையை மழித்துக்கொண்டு
முகாமுக்குப் போனான்.
பீரங்கிக்குக் கை தூக்குவேன், எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் எஸர்கால்ன்ஸில் பிரசவ வார்டைப் பூட்டினீர்கள்.
இனி வலி கண்டவள் தொண்ணூற்றொரு கிலோமீட்டர் போக வேண்டும்.
வாரத்தில் நான்கு நாள் பேருந்து இல்லை.
ஓய்வூதியத்தில் விறகு வாங்கினால் மருந்து இல்லை,
மருந்து வாங்கினால் விறகு இல்லை.
போன வருடம் எங்கள் வட்டாரத்தில்
பிறப்பு ஒன்பது, இறப்பு எழுபத்திரண்டு.
ஆளில்லாத ஊரை எவன் பிடித்தால் என்ன என்று
நாளைக்கு ஓர் அதிகாரி கேட்பான்,
அன்று அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கும்."

அப்புறம் அந்த வாக்கியம்.
"...ங்கள் பீரங்கி யாரைக் காக்கப் போகிறது?"
மேசைகள் அதிர்ந்தன. யாரோ இருமினார்.
உங்களா, எங்களா?
என் மொழியில் இரண்டுக்கும் நடுவே
ஓரெழுத்துதான்.

வாக்கெடுப்பு.
பீரங்கி ஜெயித்தது, அவள் கையும் சேர்ந்து.
பிரசவ வார்டுக்கான அவள் திருத்தம் தோற்றது:
நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு.
"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்"
என்றார் அவள் கட்சித் தலைவரே.
முணுமுணுப்பை எழுத விதி இல்லை.

மாலைக்குள் எல்லாச் செய்தியிலும்
'உங்கள் பீரங்கி' என்றே வந்துவிட்டது.
துரோகி என்றார்கள் சிலர், தைரியசாலி என்றார்கள் சிலர்.
ஈரக் கோட்டோடு என் அறைக்கு வந்தாள்.
வருவாள் என்று தெரியும்,
ஒலிப்பதிவை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வேறெங்கோ விரல் வைத்தாள்.
"இது தப்பு. தொண்ணூற்று மூன்று.
பதற்றத்தில் குறைத்துச் சொல்லிவிட்டேன்."
இரண்டு கிலோமீட்டர்தானே என்றேன்.
"அந்த இரண்டில்தான் செப்டம்பரில் ஒரு குழந்தை பிறந்தது,
மரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால்
ஆம்புலன்ஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது."
பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை.
பேனாவின் மூடியைத் தேடி மாட்டித் தந்தாள்.

"அந்தச் சொல்...?" என்றேன்.
"உங்களுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி."
கதவு வரை போய்,
"கடைசி ரயில் எட்டு நாற்பதுக்கு" என்றாள்,
ஏதோ நான் கேட்டதுபோல.

ஐந்து முறை ஓடவிட்டேன்.
ஐந்து முறையும் அதே இருமல்.
ஒன்பதரைக்கு ஓரெழுத்தைத் தட்டினேன்.
எது என்று பதிவேட்டில் இருக்கிறது.
தொண்ணூற்று மூன்றும் இருக்கிறது,
அதற்குக் கீழே கோடிட
எனக்கு அதிகாரம் இல்லை.